பத்தொன்பதாவது கேள்வி

பிப்ரவரி 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். உன் நலமும் வயிற்றில் இருக்கிற பெரிய மனுஷரின் நலமும் அறிய ஆசை.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நீ சொன்ன ஆராய்ச்சிக்கு எச்சில் கொடுக்கப் போனேன். நர்ஸ் பெண் ஒரு சின்னக் குழாயை நீட்டி, இந்தக் கோடு வரைக்கும் துப்பச் சொன்னாள். முப்பத்துநாலு வருஷம் பேருந்து நிலைய மைக்கில் வாய் ஓயாமல் கத்தியவன் நான். அரை மணி நேரம் உட்கார்ந்தும் நாலு சொட்டு தேறவில்லை. எலுமிச்சம்பழத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னாள். நினைத்தேன், கண்ணில்தான் தண்ணீர் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே தன் குழாயை நிரப்பிவிட்டுப் போய்விட்டார். கடைசியில் அந்தப் பெண், "தாத்தா, நாளைக்கு வாங்க, பயப்படாதீங்க" என்றாள். பயமாம்! மறுநாள் போய் ஒரு வழியாகத் துப்பிவிட்டு வந்தேன்.

கக்குவான் இருமல் எத்தனையோ பிள்ளைகளுக்கு வந்து போகிறது, சிலரை மட்டும் ஏன் கொண்டுபோகிறது, அது ரத்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். நல்ல விஷயம்தான். உன் தம்பி போய் இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. இப்போதாவது ஒருவர் கேட்கிறாரே.

நாலு பக்கக் கேள்வித்தாளும் கொடுத்தார்கள். எட்டாம் வகுப்பு படித்தவனுக்கு அதுவே பரீட்சை. பத்தொன்பதாவது கேள்வி: குழந்தைக்கு வருவதற்கு முந்தைய மாதத்தில் வீட்டில் வேறு யாருக்காவது நீண்ட நாள் இருமல் இருந்ததா? ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். மற்றதெல்லாம் உன் அம்மா எழுதியதோடு ஒத்துப்போகும் என்று நினைக்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடு.

உன் அப்பா

* * *

ஏப்ரல் 11

அப்பாவுக்கு,

முடிவு வந்துவிட்டது. மரபணுவில் ஒரு சின்ன மாற்றம். அம்மாவுக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. தம்பிக்கும் இருந்திருக்கலாம் என்கிறார்கள். உங்களுக்கு இல்லை. அது இருந்தால் இந்தக் கிருமியை எதிர்க்க உடம்பு கொஞ்சம் தாமதிக்குமாம். அவ்வளவுதான், அதனால் பயப்பட வேண்டாம் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு இந்த மாதமே கக்குவான் தடுப்பூசி போட்டுவிட்டார்கள். பிறக்கும் குழந்தைக்கும் அது காவலாக இருக்குமாம்.

அம்மா முதல் பாதியை மட்டும்தான் கேட்டாள். "அப்ப அவர் சொன்னது சரிதான்" என்றாள். என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால், சண்டையில், "உன் ரத்தம்தாண்டி என் பையனைத் தின்னுச்சு." அன்றைக்குத்தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். மாமாவின் மகளும் சின்ன வயதில் இதே இருமலில் செத்துப் பிழைத்ததால், உங்கள் தங்கை அம்மா பிறந்த வீட்டையே காகித நெஞ்சு வீடு என்பாள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிப்பீர்கள்.

இன்னொன்று. டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பலவீனம் பிறப்புல வரலாம்மா, கிருமி பிறப்புல வராது. யாராவது கொண்டு வந்துதான் ஆகணும்." தம்பி வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. முதல் ஊசி போட இன்னும் ஒரு வாரம் இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் யாரிடமோ நின்று பேசி, கிருமியைத் தானே வாங்கி வந்துவிட்டதாக அம்மா முடிவு கட்டிவிட்டாள். ரத்தமும் அவளுடையது, கையும் அவளுடையது. பிறக்கப்போகிற என் பிள்ளையைத் தொட மாட்டேன் என்கிறாள்.

எனக்கு அப்போது நாலு வயது. யாரோ பின்கட்டில் இருமிய மாதிரி ஒரு ஞாபகம். யார் அப்பா?

மகள்

* * *

ஏப்ரல் 20

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. என் ரத்தம் சுத்தம் என்று அரசாங்கச் செலவில் சான்றிதழ் வந்திருக்கிறது; சட்டம் போட்டு மாட்டலாம் என்று பார்க்கிறேன்.

உன் அம்மா எதையும் பெரிதாக எடுத்துக்கொள்வாள், உனக்குத் தெரியாததா. நாலு நாள் போனால் சரியாகிவிடும். பிள்ளை முகத்தைப் பார்த்தால் தானே தூக்குவாள்.

இருமலைப் பற்றிக் கேட்டிருந்தாய். பேருந்து நிலையத்தில் வேலை பார்த்தவன் எவன் இருமவில்லை? நாள் முழுக்கப் புகை. டீக்கடைக்காரர் இருமுவார், டிக்கெட் கொடுப்பவர் இருமுவார், நான் மைக்கை மூடிக்கொண்டு இருமுவேன். அதெல்லாம் ஒரு இருமலா? பழைய கதையைக் கிளறி இந்த நேரத்தில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

பேரப்பிள்ளையைப் பார்க்க வருவதற்காக நானும் ஊசி போட்டுக்கொண்டேன். கை வீங்கிவிட்டது. இரண்டு நாள் இடது கையால் சாப்பிட்டுச் சட்டையெல்லாம் குழம்பு.

உன் அப்பா

* * *

ஜூன் 2

அப்பாவுக்கு,

பெண் குழந்தை. பிறந்து பத்து நாளாகிறது. மூன்று கிலோ. நன்றாக இருக்கிறாள்.

அம்மா இரண்டு தெரு தள்ளி ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காலையில் வருகிறாள். சமைக்கிறாள், துணிகளைக் கொதிநீரில் போட்டு அலசுகிறாள். பிறகு வாயில் துணியைக் கட்டிக்கொண்டு அறை வாசலில் நிற்கிறாள். நிலைப்படியைத் தாண்டுவதில்லை. "மூக்கு யார் மாதிரி இருக்கு?" என்று அங்கிருந்தே கேட்கிறாள். நேற்றுக் குழந்தை வீறிட்டு அழுதது, நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஈரத்தோடு ஓடி வந்தால், அம்மா வாசலில் நின்று தன் இரண்டு கையையும் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பாட்டிக்கு வர முடியாதுடி, வர முடியாதுடி" என்று அழுதுகொண்டிருக்கிறாள்.

நீங்கள் புகை என்று எழுதியதை அவளிடம் சொன்னேன். ஆமாம், அவருக்கு அந்த வருஷம் புகை ஒத்துக்கொள்ளவில்லை, பாவம் என்று உங்களுக்காகப் பரிந்து பேசுகிறாள்.

எத்தனை நாள் இருமினீர்கள்? ஒரு பதில் போதும். வேடிக்கை வேண்டாம்.

மகள்

* * *

ஜூன் 9

மகளுக்கு,

ஏழு வாரம்.

இதோடு நிறுத்தத்தான் நினைத்தேன். நீ கேட்டது அவ்வளவுதான். ஆனால் அம்மாவுக்கு அது போதாது.

ஒரு நாள் ஐந்தரை மணி வண்டியை அறிவிக்கும்போது இருமல் பிடித்துக்கொண்டது. மூச்சு உள்ளே போகாமல் மைக்கிலேயே ஊளையிட்டேன். நிலையமே சிரித்தது. கண்காணிப்பாளர் கூப்பிட்டு, "நீ இருமுறதுல எந்த வண்டின்னே ஜனங்களுக்குப் புரியல. பத்து நாள் வீட்ல கெட" என்றார். மைக்கில் இருமித் துரத்தப்பட்டேன் என்று வீட்டில் எப்படிச் சொல்வது? நல்லா வேலை பார்த்ததற்குக் கொடுத்த லீவு என்று சொன்னேன். உன் அம்மாவுக்கு அவ்வளவு பெருமை. பிள்ளையைக் கொண்டுவந்து என் மார்பில் போட்டு, "அப்பாகிட்டயே இரு, கெட்டிக்கார அப்பா" என்றாள். பத்து நாளும் அவன் அங்கேதான் தூங்கினான். இருமல் கிளம்பும்போது அவனைப் பாயில் விட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடுவேன். எல்லாத் தடவையும் ஓட முடியவில்லை.

அப்போது எனக்குத் தெரியாது. இதை நம்பு, நம்பாமல் போ. தெரிந்த பிறகும் இருபத்தொன்பது வருஷம் மறைத்தே இருந்தேன். என் தங்கை பேசியபோது பேசாமல் இருந்தால் போதுமாக இருந்தது. பிறகு அது போதாமல், நானே உன் அம்மாவைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னேன். பொய் சொல்லிப் பழகியவனுக்கு ஒரு கட்டத்தில் கோபம்கூட நிஜமாகவே வருகிறது.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டு. அவள் படித்தால் எனக்குச் சாதகமான இடத்தில் நின்றுவிடுவாள், அதனால் நீயே படி. பத்தொன்பதாவது கேள்வியைத் திருத்தச் சொல்லி டாக்டருக்கும் எழுதிவிட்டேன். நான் வரவில்லை. நீயாகக் கூப்பிட்டால் ஒழிய வர மாட்டேன். கூப்பிட வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் நியாயம்தான்.

அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன அன்று, டாக்டர் நிமிர்ந்து, "வீட்ல வேற யாருக்காச்சும் இருமல் இருக்கா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், இவருக்கு மட்டும் பஸ் புகை" என்றாள் உன் அம்மா. டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஆமாம், புகைதான் என்று தலையை ஆட்டினேன். ‘புகையில்ல டாக்டர், நான்தான்’ என்று வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்பா