துப்பாக்கிக்கு மூன்று பட்டை

என் உயிர் மச்சான் சின்னசாமிக்கு,

போன இடத்திலும் எண்ணெய்ப் புட்டியைத் திறந்துபோட்டுவிட்டு மூடியைத் தேடிக்கொண்டிருப்பாய். நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. காரிமங்கலத்தில் என் மோட்டார் ரிப்பேர் கடை அப்படியேதான் இருக்கிறது. நானும் அப்படியேதான், யாரையும் நம்பாமல்.

என்னைச் சந்தேகப் பிராணி என்பாய். டீயைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறான் என்று உன் தங்கச்சியிடமே சொல்லிச் சிரித்தவன் நீ. ஆனால் இரும்பு விஷயத்தில் நான் பட்ட சந்தேகம் என்றைக்காவது பொய்யானதுண்டா? மண்வெட்டி, கத்திரி, துப்பாக்கி எல்லாவற்றுக்கும் தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயைப் பூசிவிட்டு, "மின்னுதா இல்லியா பாரு மச்சான்" என்பாய். மின்னத்தான் செய்யும். மறு மாதம் பிசுபிசுவென்று புழுதி ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி இப்போது மல்லிகா பேரில் இருக்கிறது. நீ போனதும் முறைப்படி தர்மபுரி ஆயுதக் கடையில் ஒப்படைத்தோம். உன் பொண்டாட்டி நடையாய் நடந்து லைசென்ஸைத் தன் பேருக்கு வாங்கி, ஆவணியில் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். வத்தல்மலை அடிவாரத்தில் கடலை போட்டுவிட்டுப் பன்றிக்குப் பயப்படாமல் இருக்க முடியுமா? வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பாள், அவ்வளவுதான். அந்தச் சத்தம் இருப்பதால்தான் ஒற்றை ஆளாக அந்தக் கடலைக் காட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது தேர்தல் அறிவித்துவிட்டார்கள். வழக்கம்போலத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அந்த அறையின் ஈரத்தை நான் நம்பவில்லை. எந்த ஜன்னலில் சாரல் அடிக்குமோ, எந்தச் சுவரில் சாய்த்து வைப்பார்களோ. நல்ல எண்ணெயாகப் பூசித்தான் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஹார்டுவேர் கடைக்காரன் ஒரு ஸ்ப்ரே டப்பாவை நீட்டினான். "இது ஒண்ணே போதுங்கண்ணா. அழுக்கு எடுக்கும், எறுகினத எளக்கும், துருவும் புடிக்காது."

"அத்தனையும் ஒரே டப்பாவா?"

"டப்பாவுலயே போட்டிருக்குங்கண்ணா."

டப்பாவில் என்ன வேண்டுமானாலும் போடலாம். இறுகியதை இளக்குகிற எண்ணெய் இண்டு இடுக்கில் நுழைய வேண்டும், அதனால் மெல்லியதாக இருக்கும். மெல்லியது சீக்கிரம் காய்ந்துவிடும். அப்புறம் இரும்புக்குக் காவல் யார்? இருந்தாலும் வாங்கினேன். சோதித்துப் பார்க்காமல் திட்டுவது தப்பு.

ஒரு பழைய மண்வெட்டியைப் பளபளவென்று தேய்த்து, ஒரு பக்கம் அந்த ஸ்ப்ரே, பக்கத்தில் தையல் மிஷின் எண்ணெய், அப்புறம் கிரீஸ், கடைசியில் உன் ஞாபகமாகத் தேங்காய் எண்ணெய் என்று பூசித் தண்ணீர்த் தொட்டி ஓரம் வைத்தேன். தினமும் போய்ப் போய்ப் பார்த்ததில் உன் தங்கச்சிக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டானாம். ஏதாச்சும் ஒண்ணப் பூசுங்களேன்" என்றாள்.

முதலில் துருப்பிடித்துப் பழுத்தது ஸ்ப்ரே அடித்த இடம். தேங்காய் எண்ணெய்க்கு எறும்பு வந்தது. மிஷின் எண்ணெய் துடைத்துத் துடைத்துப் பூசினால் நின்றது. கிரீஸ்தான் அசையவே இல்லை, ஆனால் ஊர்ப் புழுதியெல்லாம் அதன் மேல். ஆகவே குழலுக்குள் கரியை எடுக்க அதற்கென்று விற்கிற கிளீனர், அசைகிற இடத்தில் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, வெளியே ஸ்டேஷனில் கிடக்கிற நாளுக்கு மட்டும் கிரீஸ் லேசாக. இதையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன்.

மல்லிகா இடுப்புச் சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தாள். துப்பாக்கியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினேன். குழல் தொடங்குகிற இடத்தில், மேல்பக்கமாக, மூன்று விரல் பதிந்தது போல மூன்று கோடு. செக்கச்செவேல் என்று துரு.

வேர்த்த கையால் பிடித்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால் விரல் பட்ட இடத்தில் துரு பூக்கும். அப்படியானால் எவனோ இதை எடுத்திருக்கிறான். புரட்டாசியில் கடலை பிடுங்கியதிலிருந்து மல்லிகா வெடி வைத்ததே இல்லை, ஆனால் போன மாதம் மலைப்பக்கம் ஒரு வெடிச்சத்தம் கேட்டதாக ஊரில் பேச்சு. மறுநாள் உன் பங்காளி முருகேசன் வீட்டில் கறிக் குழம்பு வாசனை. அவன் வீடும் உன் வீடும் ஒட்டுச்சுவர். பன்றியைச் சுட்டது இந்தத் துப்பாக்கி என்று ஆனால் லைசென்ஸ் போகும், கேஸ் வரும், எல்லாம் மல்லிகா தலையில் விடியும். சுட்டவன் கறி தின்றுவிட்டுத் திண்டாட விடுவது இவளையா?

வெள்ளைத் துணியைக் குழலுக்குள் விட்டு இழுத்தேன். பழைய எண்ணெய்க் கறைதான் வந்தது, கரி இல்லை. நீயாக இருந்தால் அதோடு விட்டிருப்பாய். சுட்டவனுக்குத் துடைக்கத் தெரியாதா என்று எனக்கு ஓடியது. முருகேசனைக் கூப்பிட்டுவிட்டேன்.

அவன் கோடுகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஏங்க மாமா, என்னயவா சந்தேகப்படறீங்க?"

"கறி வாசம் அடிச்சுதே."

"மாமனார் வூட்டுல கெடா வெட்டிக் குடுத்து அனுப்புனாங்க. கொழம்பு வெச்சதுக்கெல்லாமா கேசு?" என்றவன் தன் கையை அந்தக் கோடுகள் மேல் வைத்தான். அவன் ஒரு விரலுக்கே இரண்டு கோடு மறைந்துவிட்டது. "அதுவும் போவுட்டும். புடிச்ச கைன்னா அடியில கட்ட வெரல் பட்டிருக்கணுமில்லீங்களா? இது மேலோட இழுத்தாப்பல இல்ல இருக்குது."

மேலோடு இழுத்த கோடு. நான் திரும்பி மல்லிகாவைப் பார்த்தேன். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"சொன்னா திட்டுவீங்கன்னுதாண்ணா சொல்லல" என்றாள். "ஆயுத பூஜைக்கு மம்புட்டி, கடப்பார, மோட்டாரு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சேன். இதுக்கு மட்டும் அது வெக்க மனசு வரல. அவரு பட்ட போடாம என்னைக்காச்சும் வெளிய போயிருக்காரா? அதான் துந்நூறத் தண்ணியில கொழச்சு மூணு பட்டையா இழுத்துட்டேன். நெத்தி எதுன்னு தெரியல. கொழலு ஆரம்பிக்கற எடத்துல போட்டேன்."

ஈரத் திருநீறு. அதை அப்படியே பீரோவில் வைத்து, ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க. துரு பிடிக்காமல் என்ன செய்யும்? உலகத்தில் இருக்கிற எண்ணெயை எல்லாம் சந்தேகப்பட்டவனுக்குத் திருநீறைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. திட்ட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது மச்சான். முருகேசன் பார்த்தான். பார்த்தால் பார்க்கட்டும்.

மிஷின் எண்ணெய் விட்டு, மெல்லிய இரும்பு நாரால் பூப்போலத் தேய்த்தேன். முருகேசன்தான் பிடித்துக்கொண்டான். துரு முழுக்கப் போய்விட்டது. ஆனால் அந்த இடத்தில் இரும்பின் கருநீலமும் கூடவே போய், வெளுப்பாக மூன்று கோடு நின்றுவிட்டது. இனி எந்த எண்ணெய்க்கும் அது மறையாது.

மறுநாள் ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப்போல ஒரு ஆள் போலிருக்கிறது. "கொழல்ல என்னம்மா இது, கீறலா?" என்றார்.  ஈரம், பீரோ, மழை என்று கதை சொல்ல வாயைத் திறந்தேன்.

மல்லிகா முந்திக்கொண்டாள். "கீறல் இல்லீங்க சார். எங்க வூட்டுக்காரருங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வேறென்ன சொல்ல? அவர் பேனாவை எடுத்தார். "அடையாளம், மூணு பட்ட" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ரசீதில் எழுதினார்.

வாக்குத் தருகிறேன் மச்சான். தேர்தல் முடிந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்பேன். அந்த மூன்று பட்டையையும் தடவிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன், ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? வருகிற ஆயுத பூஜைக்கும் மல்லிகா உனக்குப் பட்டை போடட்டும், நான் தடுக்கமாட்டேன். ஆனால் திருநீறைத் தண்ணீரில் குழைக்க விடமாட்டேன். மிஷின் எண்ணெயில் நானே குழைத்துக் கொடுப்பேன். சாமி ஏதாவது கேட்டால் நீ பக்கத்தில்தானே இருக்கிறாய், பேசிக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி புருஷன்,
உன்னைத் தவிர எல்லாரையும் சந்தேகப்படும்
மாதையன்