ஈரத்துணியில் சுற்றி அனுப்பு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

வாண்டு இப்போதுதான் கண் அசந்தான். போனில் சொல்லலாம்தான், நீ பேசும்போது அத்தான் பக்கத்திலேயே நிற்பார். அதனால் எழுதுகிறேன்.

உன் பிளாஸ்டிக் கூடாரத்தில், பின்வாசல் ஓரத் தக்காளிச் செடிகளில் மட்டும் இலைமேல் மஞ்சள் திட்டு, அடியில் பழுப்பு வெல்வெட்டு மாதிரி என்று நேற்று சிரித்துக்கொண்டே சொன்னாய். என்னால் சிரிக்க முடியவில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் தினமும் இலைகளில் தெளிக்கிற பூசணமும் அப்படித்தான் வரும்.

அந்தப் பூசண அறைக்குள் போனவர்கள் குளித்து உடை மாற்றாமல் எந்தத் தோட்டத்துக்கும் போகக்கூடாது. உன்னிடம் விட்டிருந்த வாண்டுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது என்று நீ போன் செய்த அன்று, நான் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தேன். உன் கூடாரத்தின் குறுக்கே புகுந்துதான் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தேன். அன்றிலிருந்து எண்ணினால், திட்டு தெரிய ஆகும் நாள் கணக்கு சரியாக வருகிறது, அக்கா.

நாலு இலை பறித்து, ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு அனுப்பு. உயிருள்ள இலைக்குள் நுழைந்ததும் இந்தப் பூசணம் சில மரபணுக்களை முடுக்கிவிடும். செடி எதிர்க்காதபடி அதன் வாயைக் கட்டத்தான். அவற்றில் ஒன்றோடு ஒளிரும் மரபணு ஒன்றை நாங்கள் கோத்திருக்கிறோம். எங்களுடையது என்றால் நீல விளக்கில் பச்சையாக மின்னும். இலை காய்ந்தால் அணைந்துவிடும். அதனால் ஈரம் முக்கியம்.

அத்தானிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

உன் குட்டி

பிப்ரவரி 8

குட்டிக்கு,

உனக்குப் பைத்தியமா? இது புழுக்கத்தால் வந்த நோய். கூடாரத்துக்குள் புழுக்கம், ஜன்னலைத் திறந்து விடுங்கள் என்று உன் அத்தானிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "நீ உன் வேலையப் பாரு, தக்காளிக்கு எல்லாம் தெரியும்" என்றார். அவர் தக்காளியிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. பிடுங்கிவிட்டுப் புதிதாக நட இந்த வருஷம் இனி நேரமில்லை. நீ ஊரைக் கூட்டாதே. உன் வேலைக்கும் உலை வைத்துக்கொள்ளாதே, கைக்குழந்தைக்காரி.

வாண்டை இங்கே கொண்டுவராமல் ஏன் காப்பகத்தில் விடுகிறாய்? அங்கே யார் அவனுக்கு முதுகு தட்டித் தூங்க வைப்பார்கள்? எனக்கு வீடே வெறிச்சென்று இருக்கிறது.

இலை அனுப்பியிருக்கிறேன்.

அக்கா

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இலை வந்தது. செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி, அப்பளமாகக் காய்ந்து வந்தது. விளக்கில் ஒன்றும் மின்னவில்லை. ஒரு நிமிடம் நெஞ்சு லேசாகிவிட்டது, பொய் சொல்லவில்லை.

நாற்றுகளை ஈரச்சாக்கில் சுற்றி, மடியில் வைத்து, வழியெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவள் நீ. ஈரத்துணியை மறந்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதே.

அணைந்தது ஒளிதான். அந்த மரபணு காய்ந்த இலையிலும் இருக்கும். ஓடாமல் கிடக்கும், அவ்வளவுதான். அரைத்துப் பிரித்துத் தேடினால் கிடைத்துவிடும். இலையைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

நீயும் பக்கத்துக் கூடாரக்காரரும் நட்டிருக்கிற ரகம் சாதாரணப் பூசணத்துக்கு அசையாது. எங்களுடையது அந்த ரகத்தையும் சாய்ப்பது. அது எப்படிச் சாய்க்கிறது என்று பார்க்கத்தான் வைத்திருக்கிறோம். உன் கூடாரத்தைத் தாண்டினால் யாராலும் பிடிக்க முடியாது.

தேடட்டுமா? ஒரு வரி எழுது. வேண்டாம் என்றாவது எழுது.

உன் குட்டி

பிப்ரவரி 19

அக்காவுக்கு,

நீ எழுதவில்லை. போனையும் எடுக்கவில்லை. தேடிவிட்டேன்.

எங்களுடையதுதான்.

காலையில் துறைத்தலைவரிடம் சொன்னேன். "உங்க அக்கா தோட்டம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களாம்மா?" என்றார். "ஆமா சார். கொண்டுபோனதும் நான்தான்." என்னை அந்த அறைக்குள் இனி விடமாட்டார்கள். வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

நாளை மறுநாள் ஆட்கள் வருவார்கள். ஓரத்துச் செடிகளை மட்டும் எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். முடியாதாம், கூடாரம் முழுக்க எடுக்க வேண்டுமாம்.

எனக்காகத்தான் அந்த இலையைக் காயவைத்தாய். தப்பிக்க நீ கொடுத்த வழியை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அத்தானிடம் எல்லாம் என்னால்தான் என்று சொல்லிவிடு, உன்மேல் போட்டுக்கொள்ளாதே. திட்டி எழுது. பக்கம் பக்கமாகத் திட்டு. சும்மா மட்டும் இருக்காதே, அக்கா. வாண்டுக்குப் பல் வந்திருக்கிறது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

குட்டி

மார்ச் 2

குட்டி,

வந்தார்கள். காயோடு பிடுங்கி மூட்டை கட்டி, அங்கேயே எரித்தார்கள். பக்கத்துக் கூடாரத்தில் இல்லையாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அங்கேயும் போயிருக்கும் என்றார்கள்.

உன் அத்தான் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. எல்லாரும் போனபிறகு, "அவ வந்தாளா?" என்றார். இல்லை என்றேன். "பயந்திருப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் கூடாரத்து ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தார். உள்ளே ஒரு செடி இல்லை.

எனக்குக் கோபம் போகவில்லை. இப்போதைக்குப் போகவும் போகாது.

எந்தப் பல்? மேலா, கீழா?

காய்ச்சலன்று வாண்டின் சட்டையை இங்கேயே விட்டுப் போய்விட்டாய். வெந்நீரில் அலசி, மடித்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன்.

அக்கா