அவள் எழுதிய பதில்

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் இருமல் விட்டதா? என் அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்; அசதி மட்டும்தான், தூங்கினாலும் போகமாட்டேன் என்கிறது.

போன வாரம் சலவைக்கூடத்தில் ஒரு சட்டை தீய்ந்துபோயிற்று. பயப்படாதே, மேஸ்திரி கத்தியதோடு சரி. விடுதியில் யாரோ விட்டுப்போன தமிழ்ப் புத்தகம் ஒன்று கிடைத்தது. தூரதேசத்தில் வேலை பார்த்த ஒருவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள். சலவைக்கூடத்தில் நான் அதை வாசிக்க, இஸ்திரி போடும் அக்கா தேய்த்துக்கொண்டே கேட்டார். "வயிறு நிறையச் சாப்பிடுகிறேன்" என்ற வரி வந்ததும் சிரித்துவிட்டார்.

"பொய் சொல்றான் தம்பி. நெஜமா சாப்பிட்டவன் என்ன கொழம்புன்னு எழுதியிருப்பான். சரி, அதுக்கு அவ என்ன பதில் எழுதினா?"

புரட்டிப் பார்த்தேன். அவள் எழுதியதை யாரும் அச்சடிக்கவில்லை.

"பாவம், அவ எவ்வளவு எழுதியிருப்பா!" என்று அக்கா இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேல் வைத்தபடியே நின்றுவிட்டார்.

நீ போனில் பேசுவது, வைத்ததுமே காற்றோடு போய்விடுகிறது. இரண்டு பனியன் அனுப்பு. அதைச் சுற்றும் தாளிலாவது ஏதாவது எழுது. திட்டினாலும் சரி.

வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி ஹார்ன் அடிக்கிறது.

பாப்பாவின் அப்பா