இடது பக்கத்துக் குரல்

மார்ச் 4, செவ்வாய்

சேகரிப்பாளர்கள் தேடிப் பிடிக்க வேண்டிய பத்து பழைய இசைத்தட்டுகள் — வெள்ளிக்குள் எழுதித் தரச் சொன்னார் தட்டுக் கடைக்காரர். ஏழுதான் தேறியிருக்கிறது. பதினோரு வருடமாக மாதம் ஒரு பட்டியல். என்னை ஒரு ஆளாக மதித்து நாலு பேர் கேட்பது இந்த ஒரு விஷயத்தில்தான். அதுவும் இப்போது அலுக்கிறது. மனைவிக்குச் சத்தம் ஆகாது, ஹெட்போனில்தான் கேட்டாக வேண்டும். சில மாதமாக அதன் இடது பக்கம் மக்கர்.

மார்ச் 6

எட்டாவது சிக்கியது. அட்டையில் இருக்கும் பாடகிக்கு யாரோ பேனாவால் மீசை வரைந்திருக்கிறார்கள். தட்டில் ஒரு கீறல் இல்லை. ஒரே பெண் குரல். ஒரு வரி பாடுகிறாள், நிறுத்துகிறாள், காத்திருக்கிறாள், அடுத்த வரிக்குப் போகிறாள். நடுவில் கிதார் மட்டும். முதலிடம் கொடுத்துவிட்டேன். "இவ்வளவு தனியாக யாரும் பாடியதில்லை. கண்ணில் பட்டால் விடாதீர்கள்."

மார்ச் 15

பட்டியல் வெளிவந்தது. கடையில் இருந்த அந்தத் தட்டின் நான்கு பிரதிகளும் விற்றுப் போய்விட்டன.

மார்ச் 19

வாங்கியவர்களில் ஒருவர், கணக்கு வாத்தியார், போன் செய்தார். "சார், ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஆம்பளை பதில் பாடுறாரே. நீங்க தட்டைக் கேட்டுத்தான் எழுதினீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்களுது வேற பதிப்பா இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பதினோரு வருடமாகக் கேட்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

மார்ச் 20

ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டி அதே தட்டைக் கேட்டேன்.

ஆண் குரல். தெளிவாக, நிதானமாக. பெண்ணைக் காணவில்லை.

அந்தக் காலத்து ஸ்டீரியோவில் ஒரு குரலை ஒரு பக்கமும் மற்றதை மறுபக்கமும் வைத்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியாததா? ஹெட்போனில் ஒரு கோளாறும் இல்லை. என் இடது காதுதான். ஐயோ, இத்தனை நாளா எதைக் கேட்டு எதை எழுதித் தொலைச்சேன்?

மார்ச் 24

இடது காதில் கேட்கும் திறன் இனித் திரும்பாது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் மனைவி நடைபாதையிலேயே நின்றுவிட்டாள்.

"ஆறு மாசமா மேசையில உங்க இடது பக்கம் உக்காந்து நான் கேக்கறதுக்கெல்லாம் நீங்க பதிலே சொல்லல. என் மேல என்னமோ வெறுப்புன்னு நெனச்சேன். அதான் நானும் பேச்சைக் குறைச்சுக்கிட்டேன்."

அவள் பேச்சைக் குறைத்ததுகூட எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மார்ச் 27

கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு உறைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "தப்பை நீங்களே எழுதிக் குடுத்துருங்க. அடுத்த மாசத்துலேர்ந்து வேற ஆளைப் பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க." தலையாட்டினேன். திருத்தம் எழுத மூன்று வரிதான் ஆனது. வாத்தியாருக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

பட்டியல் இல்லாத ஞாயிறு. என்ன செய்வதென்று தெரியாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். மனைவி தன் நாற்காலியை இழுத்து வந்து என் வலப்பக்கம் போட்டுக்கொண்டாள்.

"இப்ப கேக்குதா?"

"கேக்குது."

"சரி" என்று சொல்லிவிட்டு, ஆறு மாதத்துக்கு முன்னால் நடந்ததிலிருந்து ஆரம்பித்தாள்.