சுருட்டையும் அப்பாவின் கையும்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம், உன் அப்பாவின் வலது முழங்கால் மட்டும் நலமில்லை, அது வரும் இடத்தில் வரும். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்பதை மட்டும் நம்பவில்லை, போன மாதம் அனுப்பிய போட்டோவில் உன் கழுத்தெலும்பை எண்ணிப் பார்த்துவிட்டேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், நான் சொல்லப்போவதில் பாதி அவரைப் பற்றியது. அதனால் கண்ணாடிக் கடையில், மதிய இடைவேளையில், கண் பரிசோதிக்கும் அறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே சுவரில் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரைக்கும் அட்டை தொங்குகிறது, போகப் போக என் கையெழுத்தும் அப்படி ஆகிவிட்டால் பொறுத்துக்கொள்.

அப்பா சுருட்டையோடு மைதானத்துக்குப் போகிறார், போட்டியில்கூட ஓடினார் என்பது வரை உனக்குத் தெரியும், மீதியை நாங்கள் பூசி மெழுகித்தான் சொல்லியிருக்கிறோம். நீ வேலைக்குக் கிளம்பிப் போன மூன்று வருஷத்தில் உன் பூடில் நாய் சோபாவில் உட்கார்ந்தே உருண்டையாகிவிட்டது, பக்கத்தில் உட்கார்ந்த உன் அப்பாவும் அப்படித்தான். நாய் டாக்டர் சுருட்டையை எடைபோட்டார், அப்புறம் அப்பாவை மேலும் கீழுமாகப் பார்த்தார், ‘ரெண்டு பேரும் ஓடணும் சார்’ என்றார். அவர் சொன்ன இடம்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற நாய்ப் பயிற்சி மைதானம். நடத்துகிற அம்மாள் முன்னாள் ஹாக்கிக்காரி, எல்லோரும் கோச்சம்மா என்கிறார்கள், அப்பாவைவிட இருபது வயது சின்னவள், அப்பாவை ‘முட்டிய மடக்குங்க சார்’ என்று விரட்டுகிற ஒரே ஆள் உலகத்தில் அவள்தான். விளையாட்டு இதுதான். தாண்டக் கம்பிகள், நுழைந்து வெளியே வரத் துணியால் செய்த சுரங்கம், ஏறி இறங்கப் பலகை, வளைந்து வளைந்து போகப் பன்னிரண்டு கம்பு வரிசை. நாய்க்கு எது முதலில் எது அடுத்து என்று தெரியாது, கூட ஓடுகிறவர் சொல்ல வேண்டும், தொடவும் கூடாது, கையில் பிஸ்கட் வைத்திருக்கவும் கூடாது. உன் அப்பா அரைக்கால் சட்டையும் மஞ்சள் ஷூவும் வாங்கிக்கொண்டார். வீட்டில் சாப்பாட்டு நாற்காலிகள் படுத்துக் கிடக்கின்றன, நடுவில் என் திரைச்சீலைக் கம்பி, செடித் தொட்டிகளில் செடிக்குப் பதிலாகத் துடைப்பக் கட்டைகள் முளைத்திருக்கின்றன. நான் சாப்பிடுவது சமையல் மேடையோரம் நின்றுகொண்டு.

உன் அப்பாவின் குரல் உனக்குத் தெரியாததா. பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடை என்று ஊருக்கே சொன்ன குரல். ஓய்வு பெற்றபின் அதைக் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று, நான் இருந்தேன், ஆனால் நான் பயணி இல்லையே. சுருட்டை கிடைத்தான். ‘பயணிகள் கவனத்திற்கு’ என்கிற அதே கம்பீரத்தில் ‘சுருட்டை, இடது பக்கம், சுரங்கம்’ என்று அறிவிப்பார், அவனும் இடது பக்கம் ஓடிச் சுரங்கத்தில் நுழைவான். ‘என் குரலுக்கு இருக்கிற மரியாதைய பாத்தியா’ என்று என்னைப் பார்ப்பார். முதல் போட்டிக்குப் போகும்போது மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் போல அவனுக்குத் தலைவாரிவிட்டார். ஐந்து தடை அழகாகத் தாண்டினான். ஆறாவது சுரங்கம், அப்பா தொண்டை கிழியக் கத்துகிறார், இவன் நேராக நடுவரிடம் ஓடி, அவர் காலடியில் உட்கார்ந்து, ஷூவை நக்கினான். நடுவர் கையைத் தூக்கிவிட்டார், ஆட்டத்திலிருந்து நீக்கம். உனக்குப் போனில் ‘மழை வந்து போட்டி நின்னுபோச்சு’ என்று சொன்னது அதைத்தான்.

அதற்குப் பிறகு நிலைமை மோசமாயிற்று. பின்னாலிருந்து கூப்பிட்டால் சுருட்டை திரும்புவதில்லை. பூங்காவில் புல்லை முகர்ந்துகொண்டே போவான், இவர் இருபது தடவை கூப்பிடுவார், எதிரே வருகிறவர்கள் எல்லாம் திரும்புவார்கள், அவன் மட்டும் திரும்ப மாட்டான். வேண்டுமென்றே செய்கிறான் என்று உன் அப்பாவுக்குக் கோபம். ‘செல்லம் குடுத்தே கெடுத்துட்டா உன் பொண்ணு’ என்று உனக்கும் ஒரு பங்கு கொடுத்தார். கடைசியில் இனிமேல் அவனோடு பேசுவதில்லை என்று என்னிடம் அறிவித்தார், அதையும் நடைமேடை எண் சொல்கிற குரலில்தான். இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் சுருட்டைக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, வழக்கம்போல இவர் காலடியில் படுத்தான், இவர் முகத்தையே பார்த்தான், தூங்கினான். நான் சிரித்தேன் பாப்பா. சிரித்ததுதான் எனக்கு இப்போதும் உறுத்துகிறது, கண்ணாடிக் கடையில் இருபது வருஷமாக, பார்வை மங்கினவர்கள் அதை எப்படி எப்படி மறைப்பார்கள் என்று பார்த்துப் பழகினவள் நான், வீட்டுக்குள் நடந்ததை நான்தான் முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை சமையலறையில் எவர்சில்வர் தாம்பாளம் என் கை நழுவிக் கீழே விழுந்தது. மேல் வீட்டிலிருந்து என்ன ஆச்சு என்று குரல் வந்தது, குளியலறையிலிருந்து உன் அப்பா சோப்போடு எட்டிப் பார்த்தார். சுருட்டை இரண்டடி தள்ளிச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான், வால்கூட அசையவில்லை. ஒரு நொடி எனக்கு வேறு பயம் வந்துவிட்டது. குனிந்து முதுகில் கை வைத்தேன், துள்ளி எழுந்து என்னைப் பார்த்து வாலை ஆட்டினான். அன்றைக்கே டாக்டரிடம் போனோம். அவர் அவனுக்குப் பின்னால் நின்று கை தட்டினார், மணி அடித்தார், இரும்புக் கிண்ணத்தைத் தட்டினார், காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தார். வயதாகும்போது சில நாய்களுக்கு வருவதுதான், வலி கிடையாது, ஆனால் திரும்பி வராது, அநேகமாக ஒரு வருஷமாகவே கேட்டிருக்காது என்றார்.

ஆமாம் பாப்பா, சுருட்டைக்குக் காது கேட்காது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். நீ ஞாயிற்றுக்கிழமை போன் செய்து ‘டேய் சுருட்டை’ என்று கூப்பிடுவாய், அப்பா போனை அவன் காதருகே பிடிப்பார், முன்பெல்லாம் வீட்டையே சுற்றி ஓடித் தேடுவான், பிறகு சும்மா உட்கார்ந்திருந்தான். இரண்டு மாதம் முன்பு நீ ‘மறந்துட்டான்மா, விடு’ என்று சொல்லிவிட்டு, உடனே அங்கே குளிர் அதிகம் என்று வேறு பேச்சுக்குப் போனாய். அப்போது எனக்குத் தெரியும், டாக்டரிடம் போய் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு தூரத்தில் தனியாக உட்கார்ந்து நீ அழுவாய் என்று நினைத்தேன், ஆனால் அதைவிட மோசமான ஒன்றை நினைத்துக்கொண்டு இருக்கும்படி உன்னை விட்டுவிட்டேன், அதற்கு நீ என்னைத் திட்டலாம். அவன் உன்னை மறக்கவில்லை. உன் பழைய நீல ஸ்வெட்டர் இன்னும் அவன் படுக்கையில்தான் இருக்கிறது, துவைக்க எடுத்தால் கூடவே வந்து வாஷிங் மெஷின் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு காவல் உட்காருகிறான்.

உன் அப்பா டாக்டர் வாசலில் காரில் ஏறினார், சாவியைப் போடவில்லை. ‘ஒரு வருஷமா நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்’ என்று கேட்டார். தினமும் நடக்கும்போது அவனிடம்தான் எல்லாம் சொல்லுவாராம், நீ போனதிலிருந்து வீடு எப்படி இருக்கிறது என்பதுவரை. என் வழக்கமான வாய்தான் முந்திக்கொண்டது, ‘பஸ் ஸ்டாண்டுல மட்டும் யாரு கேட்டாங்க, எல்லாரும் கண்டக்டரத்தான் மறுபடி கேட்டாங்க’ என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார், பின் சீட்டிலிருந்து சுருட்டை எட்டி அவர் கழுத்தை நக்கினான்.

போட்டி இனி வேண்டாம் என்று சொல்லிவரத்தான் மறுநாள் மைதானத்துக்குப் போனார், நானும் போனேன். கோச்சம்மா முழுக்கக் கேட்டாள், கம்புகளும் துணிச் சுருள்களும் அடைத்திருந்த தகரக் கொட்டகைக்குள் எங்களைக் கூட்டிப்போய் உட்கார வைத்து, முதல் போட்டியில் நான் எடுத்த வீடியோவைக் காட்டச் சொன்னாள், சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு. அந்தக் கம்பீரக் குரல் இல்லாமல் உன் அப்பா ஓடுவதைப் பார்த்தால் ஈ ஓட்டுகிற மாதிரி இருக்கிறது, அது போகட்டும். ஒவ்வொரு தடைக்கும் அவர் கை எந்தப் பக்கம் போகிறதோ சுருட்டையும் அந்தப் பக்கம் போகிறான். ஆறாவது வந்தது. வாய் சுரங்கம் சுரங்கம் என்று திறந்து மூடுகிறது, கை அவசரத்தில் சுரங்கத்தை விட்டுவிட்டு நேராக நடுவரைக் காட்டுகிறது. சுருட்டை ஒரு கணம் கையைப் பார்த்தான், நடுவரைப் பார்த்தான், போய் உட்கார்ந்தான். ‘அவன் சொன்னபடிதான் சார் செஞ்சிருக்கான், நீங்கதான் தப்பா சொல்லியிருக்கீங்க’ என்றாள் கோச்சம்மா. உன் அப்பா அதை நான்கு தடவை போட்டுப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் தரையில் சம்மணம் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தார், என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பதென்று தெரியாமல் கை இரண்டையும் விரித்துக் காட்டினார், அவன் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து பயிற்சியின்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது கோச்சம்மாவின் கட்டளை. உன் அப்பாவை வாயை மூட வைக்க நான் முப்பத்தாறு வருஷம் முயன்றது உனக்குத் தெரியும், ஒரு நாய் இரண்டு வாரத்தில் சாதித்துவிட்டது. பழக்கம் முற்றிப்போய் என்னிடமும் கையால் டீ கேட்கிறார், மேல் வீட்டு டீச்சர் படியில் என்னை நிறுத்தி, சாருக்கு உடம்பு சரியில்லையா, சத்தமே இல்லையே என்று விசாரித்தாள். ஆனால் ஒன்று, பேசுகிற நேரத்தில் இப்போது பார்க்கிறார். போன வாரம் சாப்பிடும்போது என் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு ‘கண்ணாடி புதுசா’ என்று கேட்டார். மாற்றி நான்கு மாதம் ஆகிறது, பரவாயில்லை, நடைமேடைக்கு வண்டி தாமதமாகவாவது வந்ததே.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போட்டி. எட்டு வயது தாண்டிய நாய்களுக்கான பிரிவு, கம்பிகள் தாழ்வாக இருக்கும், டாக்டர் ஓடலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார், காது கேட்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். எனக்குப் பயமே சுரங்கம்தான், அதற்குள் அவன் இருக்கும்போது அவனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு தொடர்பும் கிடையாது, அவன் வெளியே தலையை நீட்டும்போது இவர் அங்கே நிற்க வேண்டும். மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் சரியாகப் போயிற்று. சுரங்கத்தில் நுழைந்தான், அப்பா மறுமுனைக்கு ஓடினார், ஈரப் புல்லில் மஞ்சள் ஷூ வழுக்கி, ஏறி இறங்குகிற பலகைக்குப் பின்னால் குப்புற விழுந்தார். சுருட்டை வெளியே வந்தான். ஆள் இல்லை. இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், நின்ற இடத்திலேயே சுற்றினான். உன் அப்பா விழுந்தபடியே அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார் பாப்பா, பேருந்து நிலையத்தில்கூட அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை, மைதானமே திரும்பியது, யாரோ ஒருவருடைய குழந்தை அழ ஆரம்பித்தது. அவன் திரும்பவில்லை. வாலை இடுக்கிக்கொண்டு வேலியோரம் நின்ற கூட்டத்தைப் பார்த்தான், எனக்கு உள்ளே ஓடிப் போய்த் தூக்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கோச்சம்மா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் பலகைக்கு மேலே ஒரு கை எழுந்தது. ஆள் தெரியவில்லை, கை மட்டும் நேராக. சுருட்டையின் தலை அந்தப் பக்கம் நின்றது. கை மெதுவாகச் சாய்ந்து கம்பு வரிசையைக் காட்டியது. அவன் ஓடினான், பன்னிரண்டு கம்பையும் ஒன்று விடாமல் வளைந்து வளைந்து, யாரும் கூட ஓடாமல், தனியாக. கடைசிக் கம்பைத் தாண்டுவதற்குள் இவர் எழுந்து நொண்டி நொண்டிப் போய் நின்றுவிட்டார், மீதி இரண்டு கம்பியையும் இருவரும் சேர்ந்தே முடித்தார்கள்.

நேரம் ரொம்ப ஆகிவிட்டதால் நாலாவது இடம். ஓடியது ஐந்து நாய்கள், ஐந்தாவது பாதியில் யாருடைய சாப்பாட்டுப் பையையோ தேடிப் போய்விட்டது. உன் அப்பா கடைக்காரர், தபால்காரர் எல்லோரிடமும் நாலாவது இடம் என்கிறார், எத்தனை பேரில் என்று யாராவது கேட்டால் முழங்கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துகொள்கிறார். கால் வீக்கம்தான், எலும்புக்கு ஒன்றுமில்லை என்று படம் எடுத்துப் பார்த்தாயிற்று, நீ கவலைப்படாதே. காது விஷயத்தை உன்னிடம் அவரே சொல்லட்டும் என்று நினைத்தேன், ‘நீயே எழுது, எனக்குக் குரல் வராது’ என்றார். கூடவே ஒரு தாள் கொடுத்திருக்கிறார், சுருட்டைக்குத் தெரிந்த ஒன்பது சைகைகள், அவரே வரைந்தது, எது கை எது கால் என்று புரியாவிட்டால் என்னைக் கேள்.

வெளியே ஒரு தாத்தா மூக்குக் கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டார் என்று கொண்டுவந்து நிற்கிறார், முடிக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, நீயும் நாய் டாக்டரிடம் போக வேண்டிய நிலைக்கு வராதே. நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூடட்டும், எங்கே இருந்தாலும் நல்லவர்கள் நடுவில் இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, விடுமுறைக்கு வரும்போது கேட்டைத் திறந்ததும் கூப்பிடாதே, கூப்பிட்டுவிட்டு வரவில்லையே என்று நிற்காதே. நேரே உள்ளே வந்து அவன் கண்ணில் படும்படி நில். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.

என்றும் உன் நினைவாக,
அம்மா