ராபர்ட்டுக்கு வந்த அழைப்பு

மச்சான்,

நேற்று உன் போனுக்கு ஒரு மெயில் வந்தது. உன் ஷாகிரா அந்த போனை இன்னும் அணைக்கவில்லை. தினமும் சார்ஜ் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாள். மெயிலைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, "அண்ணா, இது என்னன்னு பாருங்களேன்" என்று கேட்டிருந்தாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இதுதான்: "அன்புள்ள ராபர்ட், உங்களைப் பார்த்துப் பல மாதங்கள் ஆகிவிட்டன. நீங்கள் இல்லாமல் விளையாட்டே களைகட்டவில்லை. திரும்பி வாருங்கள்." கீழே, நீ டிவியில் மாட்டி விளையாடும் அந்தக் கேம் கன்சோலின் படம். சோபாவில் ஒரு குடும்பம் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

கிண்டி ஆபீஸில் உட்கார்ந்து அதைப் படித்தேன். வந்தது துக்கம் இல்லை, ஆத்திரம்.

ராபர்ட் பிறந்தது என் கண் முன்னால்தான். கன்சோல் வாங்கிய அன்று உன் இரும்புலியூர் வீட்டு ஹாலில் பெட்டியைப் பிரித்தோம். நம் நாட்டுக்கு அந்தக் கம்பெனி அப்போது ஆன்லைன் கடையே திறக்கவில்லை. கேம் இறக்க வேண்டுமென்றால் அமெரிக்காக்காரன் என்று சொல்லித்தான் கணக்குத் தொடங்க வேண்டும். தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். திரையில் பெயர் கேட்டது. உன் பெயரையே போடேன் என்றேன். "இனிஷியல் வச்சிகினு எவன்டா அமெரிக்கால கீறான்? டவுட்டு வந்துரும்" என்றாய். ராபர்ட் என்று அடித்தாய். எங்கோ ஒரு ஹோட்டலின் முகவரியைப் போட்டாய். பிறந்த தேதி கேட்டதற்கும் வாய்க்கு வந்த ஒன்றை அடித்துவிட்டு, "ஆச்சு, நான் வெள்ளைக்காரன்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாய். ஷாகிரா சிரித்த சிரிப்பில் உன் அம்மா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார்.

அதற்கப்புறம் அந்தக் கன்சோலுக்கு மவுசு குறைந்துகொண்டே போனது. நம் கேம்ப் ரோடு கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் போட்டிக் கம்பெனியின் பெட்டிக்கு மாறினார்கள். "இன்னும் அந்த டப்பாவையா வச்சிருக்க?" என்று உன்னைக் கேலி செய்தார்கள். நீ மாறவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் உன் பைக் உதிரிபாகக் கடையில், பிரேக் ஷூவைத் துடைத்துக்கொண்டே, அந்தக் கம்பெனியை எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்கு வகுப்பு எடுப்பாய். என்னவோ அவர்கள் உன்னைக் கேட்டுத்தான் நடக்கப் போகிறார்கள் என்பதுபோல.

"படம் பளபளன்னு இருந்தா ஆள் வந்துருவான்னு நெனச்சிகினு கீறான். எவனும் அதுக்கு வரலடா. வூட்ல நாலு பேர் கீறாங்க, பொட்டி ஒண்ணுதான் கீது. ஒருத்தன் அவுட்டானா அடுத்தவன் கைல ரிமோட்டைக் குடுக்கணும். அவ்ளோதான் மேட்டர். அதுக்குப் போயி ஆளுக்கு ஒரு அக்கவுண்ட்டு, ஆளுக்கு ஒரு சந்தா, நெட்டு இல்லனா பூட்டு. டிஸ்க்கை ஃப்ரெண்டுக்குக் குடுத்தாக்கூட ஓடாதாம். வந்தவனை வாசல்ல நிக்க வச்சி ஐடி கார்டு கேட்டா எவன் உள்ள வருவான்?"

நான் கொட்டாவி விடுவேன். எனக்குக் கன்சோல் மேல் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நீ கடையைத் திறக்க மாட்டாய். பிரியாணி இருக்கும், அதற்காக வருவேன். சாப்பிட்டதும் நீங்கள் இருவரும் அந்தத் தீவு விளையாட்டைத் திறப்பீர்கள். ஷாகிரா மண்ணைக் கொத்தி, செடி நட்டு, தண்ணீர் ஊற்றி, வேலி போடுவாள். நீ மீன் பிடிக்கிறேன் என்று போய், கட்டில் போட்டு அங்கேயே உன் பொம்மையைப் படுக்க வைத்துவிடுவாய். "அங்கயும் தூங்கறீங்களா?" என்று அவள் ரிமோட்டாலேயே உன் தொடையில் இடிப்பாள். நான் சோபாவின் ஓரத்தில் நிஜமாகவே தூங்கிவிடுவேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் நீ போனாய். அன்று நான் வரவில்லை, ஆபீஸில் ஆடிட்டிங். சாப்பிட்டதும் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டாயாம். ஆஸ்பத்திரி போகலாம் என்று அவள் சொன்னாளாம். "கேஸு. ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிரும், பேஜார் பண்ணாத" என்றாயாம். உனக்கு எவ்வளவு திமிர், மச்சான்! தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? ஆட்டோ ஏறி அடுத்த சிக்னல் வருவதற்குள் ஒன்று வந்துவிடுமே. ஆயில் சீலில் கசிவு என்று எவனாவது வந்தால், "ஓட்டாத, இங்கயே நிறுத்து" என்று சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறவன் நீ. உன் நெஞ்சுக்கு மட்டும் சோடாவா? சோடா வந்தபோது அதைக் குடிக்க நீ இல்லை. இதற்காக உன்னை நான் மன்னிக்கவில்லை. உன்னை அடக்கம் செய்துவிட்டு மையவாடியிலிருந்து வரும்போதும் மனசுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன்.

உன் துக்கத்துக்காக வீட்டுக்குள்ளேயே ஷாகிரா இத்தா இருந்த மாதங்களில் டிவி பக்கமே போகவில்லை. முடிந்த பிறகு ஒருநாள் கன்சோலைப் போட்டிருக்கிறாள். ரொம்ப நாள் திறக்காததால் அது மறுபடி கடவுச்சொல் கேட்டது. என்னை வரச் சொன்னாள், கடவுச்சொல்லை மாற்றலாம் என்று போனால் பிறந்த தேதி கேட்டது. உன் தேதியைப் போட்டோம், தப்பு என்றது. அவளுடையதைப் போட்டோம், அதுவும் தப்பு. ராபர்ட் என்றைக்குப் பிறந்தானோ! ஒரு கட்டத்தில் மொத்தமாகப் பூட்டிக்கொண்டது.

"விளையாடறதுக்கு இல்லண்ணா," என்றாள் அவள். "கடைசியா ரெண்டு பேரும் எலுமிச்சை நட்டோம். காய்ச்சிருக்கான்னு பாக்கணும். அவங்க பொம்மை கட்டில்ல படுத்துருக்கும். ஒரு தடவை பாத்துட்டு மூடிடுவேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். அதைத் திறந்து கொடுக்க வழி தெரியாமல் நான் நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் இந்த மெயில். திரும்பி வரத் துடிப்பவளை வெளியே நிறுத்திப் பூட்டிவிட்டு, வரவே முடியாதவனை வா வா என்று கூப்பிடுகிறார்கள். ஆள் குறைகிறது என்று புலம்புகிறார்களே, குறையாமல் என்ன செய்யும்? நீ பிரேக் ஷூ துடைத்துக்கொண்டு சொன்னதில் ஒன்றையாவது செய்திருந்தால், ரிமோட்டைக் கையில் எடுத்தவர் யாரானாலும் உள்ளே விட்டிருந்தால், இந்த மெயிலே தேவைப்பட்டிருக்காது.

ஆபீஸ் முடிந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, ஷாகிராவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். அதிசயமாக ஒரு தமிழ்ப் பெண் எடுத்தாள். சின்ன வயசுக் குரல். விஷயத்தைச் சொன்னேன்.

"ஓகே சார். அக்கவுண்ட் ஹோல்டர் ராபர்ட் சார் லைன்ல வர முடியுங்களா?"

"அவர் இறந்துட்டார்மா."

"சாரி சார். அப்ப ராபர்ட் சாரோட டெத் சர்டிபிகேட்டை அப்லோட் பண்ணிடுங்க. அதுல இருக்கற பேர் அக்கவுண்ட் பேரோட மேட்ச் ஆகணும்."

"சர்டிபிகேட்ல ராபர்ட்னு இருக்காதும்மா. அது வேற பேர்."

கொஞ்ச நேரம் கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண், நிஜமாகவே புரியாமல், கேட்டாள்.

"அப்ப யார் சார் இறந்தது?"

அடுத்த நொடி கத்தினேன். என்ன கத்தினேன் என்று உனக்கு எழுத முடியாது. உன் அம்மா இருக்கிற வீடு என்பதுகூட நினைவில்லை. "சார், கொஞ்சம் மரியாதையா பேசுங்க சார்" என்று அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது. ஷாகிரா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"ஹலோ, நான் ராபர்ட்டோட ஒய்ஃப் பேசறேன்," என்றாள். உன்னைப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை, மச்சான். இந்தப் பெயரைச் சொன்னாள். "அவர் கோவமா பேசினதுக்கு மன்னிச்சிருங்க. நாங்க பூட்டியே வச்சிக்கறோம். உள்ள இருக்கறதை மட்டும் அழிச்சிடாதீங்க."

"அழிக்க மாட்டோம் மேடம். இறந்தது வேற யாரோதானே, ராபர்ட் சார் எப்ப வருவாங்க? வந்ததும் அவரையே ஒரு கால் பண்ணச் சொல்லுங்க. போதும், உடனே ஓப்பன் ஆயிடும்."

ஷாகிரா கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தாள். அது கறுப்பாக இருந்தது.

"வந்தா சொல்றேம்மா," என்றாள். போனை வைத்துவிட்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் மூடவே இல்லை. உன் அம்மா எழுந்து உள்ளே போனார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

இன்று காலை ரயிலிலும் அந்தக் கேள்வி கூடவே வருகிறது. பாவம், அந்தப் பெண் மேல் தப்பில்லை. அவள் கேட்டாள், நான் பதில் சொல்லாமல் கத்திவிட்டேன். அவளுக்கான பதிலை இப்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார், பார்க்கட்டும். செத்தது ராபர்ட் இல்லைம்மா. ராபர்ட் நன்றாகத்தான் இருப்பான், அந்த ஹோட்டலில் ரூம் போட்டுக்கொண்டு. செத்தது தாம்பரம் மார்க்கெட்டில் பைக் சாமான் விற்றவன். உங்கள் டப்பாவை ஊரே கைவிட்டபோதும் விடாமல் வைத்திருந்தவன். அவன் பொண்டாட்டிதாம்மா நேற்று உன்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.