கயலுக்குத் தெரிந்த நீலச் சட்டை

ஜூலை 8, 2013. திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. தண்ணீர் லாரி வரவில்லை. கயலுக்குத் தெரபி, ஸ்ரீபெரும்புதூர் போய் வந்தோம். தெரபி மேடம் கேட்டது: கண்ணைப் பார்க்கிறாளா? இல்லை. பேர் சொன்னால் திரும்புகிறாளா? இல்லை. ஐந்து வயது, இன்னும் ‘அம்மா’ இல்லை. அப்பாவைத் தெரிகிறதா என்றதும் முந்திக்கொண்டேன். “நல்லா தெரியும் மேடம்!” சாயங்காலம் கம்பெனி பஸ் நின்றதும் ஓடிப்போய் அவர் கையைப் பிடிக்கிறாளே. நல்ல முன்னேற்றம் என்றார் மேடம். வரும் வழியில் ஜிலேபி. பாதி எனக்கு.

ஜூலை 10, புதன்

அவருக்கு ஓ.டி., ஷிப்டு முடிந்தும் வேலை. சொல்ல மறந்துவிட்டார். மண்ணூர் ஸ்டாப்பில் வழக்கம்போல் நாங்கள். பஸ் நின்றது. கயல் ஓடினாள். யாரோ ஒருவர் கையைப் பிடித்தாள். என் வீட்டுக்காரர் போடும் அதே நீல யூனிஃபார்ம். அந்த ஆள் பாவம், நெளிந்தார். “அக்கா, உங்க பாப்பாவா? கைய புடிச்சிக்கினு வுட மாட்டேங்குதே.” விரல்களைப் பிரித்து எடுத்தேன். கத்தினாள், கடித்தாள். டீக்கடைக்காரி: “இன்னாம்மா, பெத்த அப்பன் மூஞ்சிகூட தெரியாதா?”

தெரியாது. சட்டைதான் தெரியும். வீட்டில் அவர் கைலிக்கு மாறியதும் விலகிப் போவாள். விளையாடப் போகிறாள் என்றிருந்தேன். மக்கு நான். ஷிப்டு விட்டால் ரோடெல்லாம் நீலச் சட்டை. எவன் பின்னாலும் போய்விடுவாள்.

ஜூலை 12, வெள்ளி

மேடத்துக்கு போன் செய்தேன். இனி அவர் சட்டை மாற்றிய பிறகுதான் அவளிடம் வர வேண்டுமாம். முகம் பழக வேண்டுமாம். அவரிடம் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, “சட்டையவாவது தெரியுதுல்லா. அதையும் பறிக்கச் சொல்லுதியா?” சோறு அப்படியே கிடந்தது. நானும் சாப்பிடவில்லை. சாமி மேல் கோபம் கோபமாக வருகிறது.

ஜூலை 14, ஞாயிறு

தூறல். லீவு. காலையிலிருந்து கைலியோடு அவள் முன்னால் உட்கார்ந்திருந்தார். “கயலு, அப்பாவப் பாரு. இங்கன பாரு தாயி.” மிட்டாய் நீட்டினார். எடுத்துக்கொண்டாள். நீட்டியது யார் என்று பார்க்கவில்லை. மொட்டை மாடிக்குப் போனவர் கண் சிவந்து இறங்கி வந்தார்.

அவருக்காவது ஒரு சட்டை இருக்கிறது. குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன், கழுவி விடுகிறேன். என்னை எதை வைத்து அவளுக்குத் தெரியும்?

ஜூலை 16, செவ்வாய்

அவர் ஷிப்டுக்குப் போயாயிற்று. துவைக்க எடுத்தது, இன்னொரு யூனிஃபார்ம். கதவைத் தாழ் போட்டுவிட்டு நைட்டி மேலேயே மாட்டிக்கொண்டேன். தொளதொள. ஒரே ஆயில் நாற்றம். நான் கூப்பிடவில்லை. அவளாக வந்தாள். கையைப் பிடித்தாள். பெற்ற நாளிலிருந்து இதுதான் முதல் தடவை.

மேடத்திடம் சொல்ல மாட்டேன், திட்டுவார். அவரிடமும் எப்படிச் சொல்ல? இடது கையை இன்னும் விடவில்லை, வலது கையால் எழுதுகிறேன். நாளைக்கு அவருக்கு இந்தச் சட்டைதான். இப்போதே ஊறப் போட்டால்தான் காயும். கழற்ற முடியவில்லை.